வாலை வெட்டிய ஸ்டைல்ஷீட்

இந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போகும்படி அண்ணன் சொன்னார். அண்ணன் என்றால் எங்கள் குழுத் தலைவர். வயதில் அப்படியொன்றும் மூத்தவர் இல்லை, ஆனாலும் இங்கே எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். "ரிட்டயர் ஆகிறவங்க எழுதுற மாதிரி அனுபவத்தை எழுதுங்க. ஆனா சுருக்கமா. சந்தேகமே இல்லாம" என்றார்.

நான் ஓய்வு பெறவில்லை. இரண்டாவது பிள்ளைக்காக லீவில் போகிறேன். அதற்கும் ஓய்வுக்கும் எவ்வளவு தூரம் என்று பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள். சுருக்கமாக எழுதுவது எனக்கு வராது. சந்தேகமில்லாமல் எழுதுவது அதைவிட வராது. "உங்கள் மூவருக்கும்" என்று மேலே எழுதிவிட்டேனே, அடுத்த மாதம் நான்காவதாக ஒருவர் சேர்ந்தால் வருத்தப்படுவாரோ என்று இப்போதே யோசிக்கிறேன்.

இதை எழுத வைத்தது உங்களில் ஒருவர் முதல் நாள் கேட்ட கேள்வி. யாரென்று சொல்ல மாட்டேன். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து, அது உடைந்து விழுந்து, கரண்டியால் தேடிக்கொண்டிருந்தவர். "ஸ்டைல்ஷீட்டுல அப்படி என்னக்கா ஆபத்து? பட்டன் கொஞ்சம் கோணலா நிக்கும். அவ்வளவுதானே?" என்றார். அன்று சிரித்துவிட்டுப் போனேன். பதில் இதுதான்.

எங்கள் செயலி பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டே கெயார்களுக்கானது. எந்தப் பிள்ளை வந்திருக்கிறது, யார் வந்து கூட்டிப் போவார்கள், என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்பதையெல்லாம் ஃபோனில் பார்க்கலாம். திறந்த மூலச் செயலி, அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். பல நாடுகளில் இருப்பவர்கள் அனுப்புகிறார்கள். இலங்கைப் பதிப்பைக் கவனிப்பது மாத்தளையில், கராம்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் நாங்கள். வீட்டுக்குப் போனால் என் மகள் மீரா கராம்பு வாசமடிக்கும் என் துப்பட்டாவை முகர்ந்து பார்த்துத்தான் பக்கத்தில் வருவாள்.

பழைய ஸ்டைல்ஷீட்டை நீங்கள் பார்த்ததில்லை. கொடுத்துவைத்தவர்கள். எழுத்து எங்கே, எவ்வளவு பெரிதாக, என்ன நிறத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் அந்தக் கோப்பைப் பலர் பல வருடங்களாக அவசரத்தில் எழுதியிருந்தார்கள். ஒருவர் பெட்டியை இடப்பக்கம் தள்ளியிருப்பார். அடுத்தவர் அது ஏன் அங்கே போனது என்று பார்க்காமல் வலப்பக்கம் இழுத்திருப்பார். மூன்றாமவர் இரண்டையும் அப்படியே விட்டு, கீழே தன் வரியை எழுதி, ஆச்சரியக்குறி போட்டு "முக்கியம்" என்று சேர்த்திருப்பார். அந்தச் சொல்லைக் கண்டால் உலாவி மற்ற வரிகளை ஒதுக்கிவிட்டு அதற்கே கீழ்ப்படியும். ஒருவர் போட்டதைப் பார்த்து எல்லோரும் போட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோருமே "நாங்க மாப்பிள்ளை வீடு" என்று முன்னால் வந்து நிற்பது போல.

அதை ஒழுங்குபடுத்தி, இந்தக் காலத்து முறையில் புதிதாக எழுதுவது என் வேலையாக இருந்தது. அந்தக் குப்பைக்குள் ஒரு விதி கிடந்தது. அதன் பெயர் ஆங்கில எழுத்தில்: வி, இரண்டு ஏ, எல். விளக்கம் எதுவும் இல்லை.

"வாள்" என்றார் அண்ணன். "எதையோ வெட்டுறதுக்கு எழுதியிருக்காங்க."

"வாலுன்னு நினைக்கிறேன் அண்ணே. யாரோ வாலுப் பிள்ளை விளையாடியிருக்கு."

ஆங்கில எழுத்துக்கு ல, ள வித்தியாசம் தெரியாது என்பதில் நாங்கள் இருவரும் நன்றாகவே பொழுது போக்கினோம். அந்த விதி என்ன செய்கிறது என்று இருவரும் பொறுமையாகப் பார்க்கவில்லை. மேலோட்டமாகப் பார்த்ததில், பக்கம் தமிழில் திறந்தால் மட்டும் அது பெட்டிகளின் உயரத்தைக் குலைத்தது. ஒரு பெட்டி குட்டையாக, அடுத்தது நெட்டையாக நின்றது. வெளிநாட்டிலிருந்து எங்கள் மாற்றங்களைச் சரிபார்ப்பவர் இது எதற்கு என்று கேட்டார். தெரியாது என்றோம். அப்படியென்றால் எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தேன்.

புதிய வடிவத்தில் எல்லாப் பெட்டியும் ஒரே உயரம். குறிப்பு நீளமாக இருந்தால் ஒரு வரிக்குள் அடங்குமளவு காட்டி, மீதிக்கு மூன்று புள்ளி. தொட்டால் முழுவதும் விரியும். பார்க்க அழகாக இருந்தது. வீட்டில் கணவரிடம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எது புதுசு?" என்றார்.

எனக்குச் சந்தேகங்கள் இருந்தன. எனக்கு எப்போதுதான் இல்லை? எங்கள் ஊரான பல்லேபொலவிலிருந்து பஸ் ஏறியதும் காஸ் அடுப்பை அணைத்தேனா என்று யோசிப்பேன். அணைத்தது நினைவுக்கு வந்தால், அது நேற்றைய நினைவோ என்று யோசிப்பேன். அதே மாதிரி, மாற்றத்தை அனுப்பும்போது என் சந்தேகங்களையும் வரிசையாக எழுதி அனுப்பினேன். சாம்பல் நிறம் கூடிவிட்டதா, பட்டனின் ஓரம் வளைந்தது போதுமா என்று அது பாட்டுக்குப் போனது. அண்ணன் வாசித்துவிட்டு, "இது ரிவியூவா, பாவசங்கீர்த்தனமா?" என்றார். "தமிழ் வரிகள் நீளமாக இருந்தால்?" என்பதும் அதில் இருந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு சிரிப்பு முகத்தோடு. அந்தக் கடைசி வரி வரைக்கும் யாரும் வாசிக்கவில்லை. நானாக இருந்தாலும் வாசித்திருக்க மாட்டேன்.

ஒரு நாள் காலையில் புதிய பதிப்பை வெளியிட்டோம். பின்னேரம் செயலிக்கு உதவி செய்யும் அமைப்பிலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்டத்தான் அந்த அவசரம்.

எங்கள் ஊரில் மீரா போகும் டே கெயாரும் இந்தச் செயலியைத்தான் பாவிக்கிறது. அங்கே டீச்சர் சிங்களவர், அவருடைய ஃபோனில் எல்லாம் சிங்களத்தில் இருக்கும். உதவிக்கு இருக்கும் செல்வி அக்காவின் ஃபோனில் தமிழில். வழக்கமாகச் சாப்பாடு கொடுக்கும் டீச்சர் அன்று ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். செல்வி அக்கா வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. பிள்ளைகளின் பெயரையே அப்போதுதான் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் என்னை அதற்குள் நன்றாகவே பிடித்துக்கொண்டார், நான் எடுத்த ஃபோன் கோல்கள் அப்படி.

பெற்றோர் குழுவில் செல்வி அக்கா போட்டிருந்த பகல் சாப்பாட்டுப் படத்தை நான் பார்த்தபோது நேரம் நன்றாகக் கடந்துவிட்டது. படத்தில் மீரா. இரண்டு கையிலும் வாழைப்பழம். முகத்தில் வாழ்க்கையிலேயே காணாத சந்தோஷம். உடனே அவருக்குக் கோல் எடுத்தேன்.

"செல்வி அக்கா, மீராவுக்கு வாழைப்பழம் கொடுத்திருக்கீங்களே."

"ஆமா மீரா அம்மா. கேட்டுக் கேட்டு வாங்கித் திங்குது."

"நான் வேணாம்னு எழுதியிருக்கேனே."

"நீங்களா? கொடுக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கீங்க. இருங்க வாசிக்கிறேன். 'வாழைப்பழம் சாப்பிட்டால் சளி பிடிக்காது.' அதுக்கப்புறம் புள்ளி புள்ளி."

"புள்ளிக்குப் பிறகு என்ன இருக்கு?"

"புள்ளிக்குப் பிறகு என்னம்மா இருக்கும்? புள்ளி வச்சா முடிஞ்சதுதானே. சரி, பிள்ளைங்க எழும்புற நேரம். பால் கரைக்கணும். வைக்கிறேன்."

நான் எழுதியிருந்தது இது: "வாழைப்பழம் சாப்பிட்டால் சளி பிடிக்காது என்று அவளுடைய அப்பா வந்து சொன்னாலும் கொடுக்க வேண்டாம்." முதலில் கோபம் வந்தது. பிறகு கணவரின் கட்சி ஜெயித்ததை நினைத்துச் சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் செல்வி அக்காவின் கடைசிச் சொல் வந்து நின்றது. பால்.

மீராவோடு ஜோயல் என்று ஒரு பையன் இருக்கிறான். பால் அவனுக்கு ஒத்துவராது. முன்னொரு முறை ஒரு வாய் குடித்து உதடும் கண்ணும் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவனுடைய அம்மா ஸ்டெல்லா நாவுலையில் ஒரு கடையில் காசாளர். பிள்ளையைச் சேர்த்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தமிழ் டைப் பண்ண வராது, நீங்களே பால் வேணாம்னு போட்டுவிடுங்க" என்றார். 'பால் வேணாம்' என்று போட எனக்கு மனம் வரவில்லை. நான் படித்த பிள்ளை அல்லவா? அழகாக எழுதிக் கொடுத்தேன்: "பின்னேரம் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் பால் கொடுக்கக் கூடாது."

என் ஃபோனில் சோதனைக்காக வைத்திருக்கும் இல்லாத பிள்ளையின் பெட்டியில் அதே வசனத்தைப் போட்டுப் பார்த்தேன். "பின்னேரம் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் பால் கொடுக்க" என்று வந்து, மூன்று புள்ளி.

நாங்கள் மூன்று மொழியிலும் சோதித்திருந்தோம். ஆங்கிலத்தில் 'கூடாது' வரியின் தலையில் நிற்கும், வெட்டினாலும் தப்பிவிடும். சிங்களத்தில் நம்மைப் போலக் கடைசியில்தான் வேண்டாம் என்கிற 'எப்பா' வரும், ஆனால் டீச்சர் சுருக்கமாக எழுதுகிறவர், அது பெட்டிக்குள் அடங்கிவிடும். தமிழில், அதுவும் என்னைப் போன்றவர்கள் எழுதும் தமிழில், யாருக்கு, எப்போது, யாரோடு, எதை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் கூடாது என்போம். மூன்று புள்ளி சரியாக அந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது. மீதியிருந்ததோ பிழையில்லாத, மரியாதையான உத்தரவு. தொட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

செல்வி அக்காவுக்கு மறுபடி எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை. என் பெயரைப் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு கிழமைக்குள் தலையணை உயரம், ஜன்னல் கொக்கி, மீராவின் இடது செருப்பு என்று நான் கேட்காதது இல்லை. டீச்சரின் ஃபோன் அணைந்திருந்தது.

விருந்தினர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் பெரிய திரையில் புதிய வடிவத்தைத் திறந்துகொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணே, பழைய பதிப்பைத் திரும்பப் போடணும். இப்பவே."

"இப்பவா?" குரலைத் தாழ்த்தினார். "என்ன பிழைன்னு சொல்லுங்க, ஒரு வரியில திருத்திடலாம். இவங்க போகட்டும்."

"திருத்தப்போய் இன்னொண்ணு கெட்டுப்போனா?"

"நிச்சயமாத் தெரியுமாம்மா? இல்ல வழக்கமான..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. நிச்சயமாகத் தெரியுமா என்ற கேள்விக்கு என் வாழ்நாளில் ஆம் என்று சொன்னதில்லை. கல்யாணத்தின்போதுகூட "பெரியவங்க சொன்னா சரி" என்றுதான் சொன்னேன். அன்றும் தொண்டை வரை பழைய பதில் வந்தது: இல்லை அண்ணே, ஒருவேளை, எதற்கும் பார்த்துவிட்டு. அதை விழுங்கிவிட்டு இப்படிச் சொன்னேன்: "ஒரு பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாதுங்கிற வரி, கொடுக்கச் சொல்ற மாதிரித் தெரியுது."

அண்ணன் விருந்தினர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நின்றபடியே பழைய பதிப்பைத் திரும்பப் போட்டார். பெரிய திரையில் பெட்டிகள் குட்டையும் நெட்டையுமாக மாறின.

என்னைப் போலப் பயப்படுகிறவர் உங்களில் ஒருவராவது இருப்பீர்கள், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பயத்தை விட்டுவிடு என்று எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். விட முடிந்தால் விட்டிருக்க மாட்டேனா? இப்போது நான் செய்வது வேறு. பயம் வந்தால் அதை எழுவாய், பயனிலையோடு ஒரு முழு வசனமாகச் சொல்லிப் பார்ப்பேன். யாருக்கு, என்ன நடக்கும் என்று முடிக்க முடிந்தால் அது பிழை அறிக்கை, உடனே எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். "ஏதோ சரியில்லை" என்பதிலேயே நின்றுவிட்டால் அது நான்தான். அதற்குத் தேநீர் போதும்.

ஆனால் பதிப்பை மாற்றியதோடு வேலை முடியவில்லை. செல்வி அக்காவின் ஃபோனில் பக்கம் ஏற்கனவே திறந்திருந்தது. அதை மூடித் திறக்கும்வரை அவருக்கு அந்த வெட்டுப்பட்ட உத்தரவுதான் தெரியும். இனிக் கணினியில் செய்ய எதுவும் இல்லை. ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொல்ல வேண்டும். ஆட்டோ பிடித்தாலும் நான் போய்ச் சேர்வதற்குள் பால் ஆறி, கப் காலியாகிவிடும். என் கோலை எடுக்க மாட்டார்கள். யார் கோலை எடுப்பார்கள்?

ஒரு நாளும் ஃபோன் பண்ணி எதுவும் கேட்காத ஒரு தாயின் கோலை.

ஸ்டெல்லாவின் எண்ணை அழுத்துவதற்கு முன் நான் தயங்கியதை மறைக்க மாட்டேன். வேலையில் இருக்கும் ஒரு தாயிடம் உங்கள் பிள்ளைக்கு ஆபத்து என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஆபத்து என் அழகான வசனத்தாலும் என் அழகான பெட்டியாலும் வந்தது என்று? முதலில் நலம் விசாரிக்கலாமா? "பயப்படாதீங்க" என்று தொடங்கலாமா? அப்படித் தொடங்கியவர்கள் யாரும் என்னைப் பயப்படுத்தாமல் விட்டதில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஸ்டெல்லா, மீரா அம்மா பேசுறேன். ஜோயலுக்குப் பால் கொடுக்கக் கூடாதுன்னு நாம எழுதின வரி, செல்வி அக்காவோட ஃபோன்ல கொடுக்கச் சொல்ற மாதிரித் தெரியுது. பிழை எங்களோடது. இப்ப பால் கரைக்கிறாங்க. நான் எடுத்தா எடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்க அவங்களுக்குக் கோல் பண்ணுங்க."

அத்தோடு லைன் துண்டிக்கப்பட்டது.

படிக்கட்டில் போய் நின்றேன். கீழே சாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். ஃபோன் அடித்தது.

"கப்பு அவன் கையில இருந்துச்சாம்" என்றார் ஸ்டெல்லா. "வாயில வைக்கல." ஃபோனை வைத்துவிட்டார்.

உள்ளே விருந்தினர்களில் ஒருவர், திரையில் இருப்பது புதியதா பழையதா என்று அண்ணனிடம் கேட்டார். "பழசு" என்றார் அண்ணன். "புதுசுக்கு இன்னும் தமிழ் வரல."

அவர்கள் போன பிறகு அண்ணன் கோப்பின் வரலாற்றைத் தோண்டினார். நான் நீக்கிய அந்த விதியை எழுதியவர் யாரென்று பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"நான்தான்மா."

"நீங்களா? வாள்னு சொன்னீங்களே?"

"வால்! வசனத்தோட வால். தமிழ்ல கடைசிச் சொல் வெட்டுப்படக் கூடாதுன்னு போட்டது. கல்யாணத்துக்கு முந்தி எழுதினது, எப்படி ஞாபகம் இருக்கும்?"

ஆகவே ஒரு விதியை எழுதினால் ஏன் எழுதினீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி வையுங்கள். மற்றவர்களுக்காக மட்டும் இல்லை, கல்யாணத்துக்குப் பிறகு நீங்களே வந்து வாசிப்பீர்கள். என்ன செய்கிறதென்று தெரியாத விதியை அசிங்கமாக இருக்கிறதென்பதற்காக எடுக்காதீர்கள். இப்போது குறிப்புகள் எந்த மொழியிலும் வெட்டுப்படாது, பெட்டி தேவையான அளவு வளரும். கொடுக்கக் கூடாதவற்றுக்கு வரியின் தலையிலேயே தனி அடையாளமும் உண்டு. நடந்ததை விளக்கி எழுதியபோது வெளிநாட்டுச் சரிபார்ப்பாளர் உண்மையிலேயே வருந்தினார். பிறகு, தமிழில் 'கூடாது' என்பதை முன்னால் கொண்டுவர வழியில்லையா என்று கேட்டார். அதைவிட ஸ்டைல்ஷீட்டை மாற்றுவது சுலபம் என்று பதில் போட்டேன்.

அன்று பின்னேரம் மீராவைக் கூட்டிவரப் போனேன். செல்வி அக்கா என்னைப் பார்த்ததும் ஃபோனை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, நீங்களே திறந்து மூடிக் குடுத்திட்டுப் போங்க. இனிப் புள்ளிய நம்ப மாட்டேன்" என்றார்.

வாசலில் ஸ்டெல்லா நின்றார். ஜோயல் அவருடைய இடுப்பில் இருந்தான். அவரிடம் சொல்வதற்கு நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் நேரில் பார்த்ததும் மறந்துபோய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"உங்களுக்கு நன்றி சொல்றதா, ஏசுறதான்னு பஸ்ஸுல வாறப்போ யோசிச்சேன்" என்றார்.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

ஜோயலை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டார். "நீங்க நல்லாருக்கீங்களான்னு கேட்டாலே பதறித்தானே கேட்பீங்க" என்றார். "இன்னைக்கு அவ்வளவு நிதானமாப் பேசினீங்க. அதைக் கேட்டுத்தான் எனக்கு உயிரே போயிருச்சு. அதான் ஒண்ணும் கேக்காம அவங்களுக்கு எடுத்தேன்."